வந்து போகிறவர்களும் நின்று கற்பிப்பவர்களும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், பெற்றோர் ஆகியோருக்காக நமது சங்கம் நடத்திய கல்விக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



கிழமையில் கிடைக்கிற ஓய்வு ஒரு நாள்தான். துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் கடைக்குப் போகவும் அந்த நாள் போதாது. அதையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வெளிநாடுகளில் இருந்து நமது பாடசாலைகளுக்கு உதவ வரும் தொண்டர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இது இப்போது பல தோட்டங்களில் எழுகிற கேள்வி. இங்கிலாந்தில் இருந்து, ஜேர்மனியில் இருந்து, அவுஸ்திரேலியாவில் இருந்து இளைஞர்கள் வருகிறார்கள். ஆங்கிலம் கற்பிக்கிறோம், சுவருக்கு வர்ணம் பூசுகிறோம், புத்தகம் தருகிறோம் என்கிறார்கள். அதிபர் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்கிறார். பெற்றோர் கை தட்டுகிறார்கள். கூட்டம் முடிகிறது. அந்த இடத்தில் நாம் வாய் திறந்து சில கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கடல் கடந்து, தன் செலவில், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காக ஒருவர் வருகிறார் என்றால் அது பெரிய மனசு. வந்தவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது நமது வழக்கம் இல்லை. ஆனால் விருந்தாளி வேறு, வாத்தியார் வேறு. விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பலாம். வாத்தியாரிடம் நமது பிள்ளையை ஒப்படைக்கிறோம். ஒப்படைக்கிற இடத்தில் கேள்வி கேட்பது பெற்றோரின் கடமை.

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். நமது மலைகளுக்கு வெளியார் வந்து எழுத்தறிவித்தது இன்று நேற்று நடந்ததல்ல. 1850களில் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் கிறிஸ்தவ ஊழியர்கள் கோப்பித் தோட்டங்களுக்குள் வந்தார்கள். அவர்கள் வந்த நோக்கம் மதம் பரப்புவது. என்றாலும் நமது முன்னோரில் சிலர் முதன்முதலாக எழுத்தைப் பார்த்தது அவர்கள் நடத்திய பள்ளிகளில்தான். பிறகு 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்தில் உள்ள 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரை மீது வைத்தது. அந்தப் பொறுப்பு எப்படி நிறைவேற்றப்பட்டது என்பது இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு நீட்டுக் கட்டடம், ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒரே சத்தத்தில். கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்ற அளவில் படிப்பு நின்றது.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளையும் பல்கலைக்கழகம் வரை போகலாம் என்ற கதவு திறந்தது. அந்தக் கதவுக்கு வெளியே நின்றது தோட்டப் பாடசாலை. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. வாக்கு இல்லாதவனின் பிள்ளைக்கு வாத்தியார் தர யாருக்கு அவசரம்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1977 தொடக்கம் கட்டம் கட்டமாகத்தான் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கப் பாடசாலைகளாக மாறின. கணக்குப் பாருங்கள். மற்றவர்களுக்குக் கிடைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு நமக்குக் கிடைத்தது. இன்றைக்கு வெளிநாட்டுத் தொண்டர் வந்து நிரப்பப் பார்க்கிற பள்ளம், அந்த முப்பது வருஷத்தில் தோண்டப்பட்ட பள்ளம்.

அரசு பொறுப்பேற்ற பிறகு வெளிநாட்டு உதவியும் வந்தது. 1980களில் சுவீடன் நாட்டின் அபிவிருத்தி நிறுவனமான சீடா, பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கான கல்வி அபிவிருத்தித் திட்டத்துக்குக் கை கொடுத்தது. கட்டடங்கள் எழுந்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. பிறகு ஜேர்மன் அரசின் உதவியோடு கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. நமது பிள்ளைகளுக்குக் கற்பிக்க நமது பகுதியிலேயே ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இன்று மலையகப் பாடசாலைகளில் கற்பிக்கிற எத்தனையோ பேர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? வெளிநாட்டு உதவியில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ஆள் வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போவது. மற்றது, இங்கே இருக்கிற ஆளை வாத்தியாராக்கிவிட்டுப் போவது. பத்தனைக்கு வந்த ஜேர்மன் நிபுணர்கள் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார்கள். கல்லூரி நிற்கிறது. வருஷா வருஷம் ஆசிரியர்கள் வெளியே வருகிறார்கள். உதவியை எடைபோட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை. உதவி செய்தவர் போன பிறகு என்ன மிஞ்சி நிற்கிறது?

வேறு ஒரு நாட்டின் கதையையும் சொல்கிறேன். ஆபிரிக்காவில் கானா என்ற நாடு 1957இல் சுதந்திரம் அடைந்தது. நிக்ருமாவின் அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்ப முடிவு செய்தது. பள்ளிகள் வேகமாகப் பெருகின. கற்பிக்க ஆள் போதவில்லை. அந்த நேரத்தில்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, அமைதிப் படை என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் குழுக்களில் ஒன்றாக 1961 ஓகஸ்ட் 30ஆம் திகதி 51 ஆசிரியர்கள் கானாவின் தலைநகர் அக்ராவில் வந்து இறங்கினார்கள். விமானத்தை விட்டு இறங்கியதும், வரவேற்க வந்தவர்கள் முன்னால் அந்த நாட்டின் ட்வி மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்களாம். வரும் முன்பே அந்த மக்களின் மொழியில் நாலு சொல் பழகிக்கொண்டு வந்திருந்தார்கள். வந்த கையோடு போகவும் இல்லை. இரண்டு வருஷ உடன்பாட்டில் வந்தவர்கள். ஆள் இல்லாத இடைநிலைப் பாடசாலைகளில் முழுநேர ஆசிரியராக நின்றார்கள்.

அதோடு கானா தொண்டர்களை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவும் இல்லை. 1973இல் தேசிய சேவைத் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. பல்கலைக்கழகம் முடித்த இளைஞர்கள் நாட்டுக்காக ஒரு காலம் வேலை செய்ய வேண்டும் என்பது அந்தத் திட்டம். அப்படிப் போனவர்களில் நிறையப் பேர் கிராமத்துப் பாடசாலைகளில் கற்பித்தார்கள். வெளியார் வந்து இடைவெளியை நிரப்புகிற நேரத்தில், உள்நாட்டில் ஆளைத் தயார் செய்ய வேண்டும். அந்தப் பாடத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி நமது பாடசாலைக்கு வருவோம். ஒருவர் மூன்று கிழமைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிழமை என்றால் 15 பாடசாலை நாட்கள். பிள்ளைகளின் பெயரைப் பழகவே ஒரு கிழமை போகும். பாட்டும் விளையாட்டுமாக ஒரு கிழமை. பிரியாவிடைக்கு ஆயத்தம் செய்ய ஒரு கிழமை. பிள்ளைகளுக்குச் சந்தோசம்தான், மறுக்கவில்லை. அந்நியரோடு கூச்சமில்லாமல் ஆங்கிலத்தில் பேச ஒரு பிள்ளை பழகினால் அதுவும் லாபம். ஆனால் பத்தாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லையென்றால், அந்த 15 நாளில் அந்தக் குறை தீர்ந்துவிடாது. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளைக்கு உயர்தரத்துக்குப் போகும் பாதை குறுகிப் போகிறது. விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படிக்க வசதியுள்ள தமிழ்ப் பாடசாலைகள் நமது மலையகத்தில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நமது உண்மையான பசி அங்கே இருக்கிறது. வர்ணம் பூசிய சுவர் அந்தப் பசியை ஆற்றாது.

தொழிற்சங்கக்காரன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொண்டர் ஆசிரியர் என்ற சொல் நமக்குப் புதியதல்ல. உயர்தரம் முடித்த நமது பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், பெற்றோர் சேர்த்துக் கொடுக்கிற சிறு தொகைக்கு வருஷக்கணக்கில் வகுப்பெடுத்திருக்கிறார்கள். என்றாவது நியமனம் வரும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவர்களுக்குச் சம்பளம். பிறகு 2015ஐ ஒட்டிய காலத்தில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக நமது இளைஞர்களை எடுத்தார்கள். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. அது 10,000 ரூபாவாக உயரவே குரல் கொடுக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் செய்கிற வேலை முழுவதையும் செய்தார்கள். ஆசிரியர் என்ற பெயரும் சம்பளமும் மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தன.

சேவை என்ற சொல் நல்ல சொல். ஆனால் கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தால் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். கைக்காசுக்கும் கொந்தரப்புக்கும் ஆள் பிடித்து, நிரந்தரப் பேரைக் குறைக்கிற வேலை மலையில் நடக்கும்போது நாம் எதிர்க்கிறோம். அதே வேலை பாடசாலையில் நடக்கும்போது மட்டும் நன்றி சொல்லலாமா? ஒரு ஆசிரியர் இடம் வெற்றிடமாக இருந்தால் அது வெற்றிடம்தான். வெளிநாட்டுத் தொண்டர் அந்த வகுப்பில் நிற்கிறார் என்பதற்காக வலயக் கல்வி அலுவலகம் அந்த வெற்றிடத்தை மறக்கக் கூடாது. தொண்டர் இருக்கிற காலத்திலும் நியமனம் கேட்டு நாம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது பிள்ளைகளின் பாதுகாப்பு. இதைப் பேசக் கூச்சப்படக் கூடாது. நல்ல எண்ணத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் கெட்டவன் தன் நெற்றியில் எழுதிக்கொண்டு வரமாட்டான். கம்போடியாவிலும் நேபாளத்திலும் என்ன நடந்தது தெரியுமா? வெளிநாட்டுத் தொண்டர்கள் அநாதைப் பிள்ளைகளுக்கு உதவ ஆசைப்பட்டு வந்தார்கள். அந்த ஆசையை நம்பியே விடுதிகள் பெருகின. அந்த விடுதிகளில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். படிக்க வைக்கிறோம் என்று சொல்லி ஏழை வீடுகளில் இருந்து கூட்டிப்போன பிள்ளைகள் நிறையப் பேர். இந்தச் சுரண்டலைப் பற்றி அவுஸ்திரேலியப் பாராளுமன்றமே விசாரித்தது. 2018இல் அங்கே நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் வந்தபோது இந்த விஷயமும் பேசப்பட்டது. ஆகவே, எவராவது வந்து உங்கள் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம், விடுதிக்கு அனுப்புங்கள் என்று கேட்டால், தனியாக முடிவெடுக்க வேண்டாம். அதிபரிடம் கேளுங்கள், கமிட்டியிடம் கேளுங்கள், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஏதாவது சந்தேகம் வந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். அழைப்பதால் யாருக்கும் அவமானம் இல்லை.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. லயத்து வாசலில் செருப்பில்லாமல் நிற்கிற பிள்ளையைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டிக் காசு சேர்ப்பது சிலருக்கு வழக்கம். நமது வறுமை உண்மைதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது உங்கள் பிள்ளையின் முகம். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும். உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நமது பிள்ளை புத்தகத்தோடு நிற்கிற படத்தை எடுக்கட்டும்.

சரி, கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்? ஆறு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தேவையை நாம் சொல்ல வேண்டும். அவர்கள் என்ன தர வருகிறார்கள் என்று கேட்கும் முன்பு, நமது பாடசாலைக்கு என்ன இல்லை என்று பெற்றோரும் ஆசிரியரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். மலசலகூடமா, விஞ்ஞான உபகரணமா, ஆங்கில வாசிப்பா? பட்டியல் நம் கையில் இருந்தால்தான் உதவி நாம் காட்டுகிற பக்கம் போகும்.

இரண்டாவது, எவ்வளவு காலம்? ஒரு தவணைக்குக் குறைவாக இருப்பவரிடம் ஒரு வகுப்பை முழுதாகக் கொடுக்க வேண்டாம். பேச்சு ஆங்கிலம், நூலகம், விளையாட்டு போன்ற வேலைகளுக்குக் கொஞ்ச நாள் போதும். பாடத்திட்டம் அப்படி இல்லை.

மூன்றாவது, தொண்டரோடு நமது ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும். அதில் பாதுகாப்பும் இருக்கிறது, பலனும் இருக்கிறது. வந்தவர் கற்பிக்கிற முறையை நமது ஆசிரியர் பார்ப்பார். நமது பிள்ளைகளின் மொழியும் மனசும் அறிந்த ஆசிரியரிடம் இருந்து வந்தவரும் கற்றுக்கொள்வார். தொண்டர் போன பிறகு அந்த முறை வகுப்பில் தங்கும்.

நாலாவது, யார் அனுப்புகிறார்கள்? வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி இருக்கிறதா? தன் நாட்டுப் பொலிஸ் சான்று கொண்டு வந்திருக்கிறாரா? சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளம் இல்லாமல்கூட வேலை செய்ய முடியாது. இதையெல்லாம் சரிபார்ப்பது அதிபரின் வேலை. சரிபார்த்தாயிற்றா என்று கேட்பது நமது வேலை.

ஐந்தாவது, கணக்கு. பல தொண்டர்கள் தங்களை அனுப்புகிற நிறுவனத்துக்குப் பெரிய தொகை கட்டித்தான் வருகிறார்கள். நமது பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வாங்கிய காசில் பாடசாலைக்கு வந்தது எவ்வளவு? கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் நாம். இரண்டு கிலோவைக் கழித்தால் ஏன் என்று கேட்கிறவர்கள் நாம். இந்தத் தராசையும் பார்க்க வேண்டாமா? வருகிற பணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு வரட்டும், பற்றுச்சீட்டு இருக்கட்டும், பொதுக் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும்.

ஆறாவது, போன பிறகு என்ன நிற்கும்? இதை ஆரம்பத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தக அலுமாரியா, பயிற்சி பெற்ற இரண்டு ஆசிரியர்களா, தொடர்ந்து நடக்கிற ஒரு மாலை வகுப்பா? ஒன்றுமே நிற்காது என்றால், அதை ஒரு விருந்தாளியின் வருகை என்று எடுத்துக்கொண்டு சந்தோசமாக வழியனுப்புங்கள். ஆசிரியர் வந்துவிட்டார் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

உண்மையான அக்கறையோடு வருகிறவர் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். இந்த மக்களுக்குத் தங்கள் பிள்ளைகள் மீது எவ்வளவு கவனம் என்று மதிப்பார். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும்.

கடைசியாக ஒன்று. தொண்டர் என்றால் விமானத்தில்தான் வர வேண்டும் என்று இல்லை. 1961இல் கியூபா நாட்டில் சுமார் ஒரு இலட்சம் மாணவர்கள் அரிக்கன் விளக்கோடு கிராமங்களுக்குப் போனார்கள். பகலில் விவசாயிகளோடு வயலில் வேலை செய்தார்கள், இரவில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே வருஷத்தில் 7 இலட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். பிற்காலத்தில் அதே நாட்டின் ஆசிரியர்கள் நிக்கரகுவா போன்ற நாடுகளுக்குப் போய்க் கற்பித்தார்கள். முதலில் தன் வீட்டில் விளக்கேற்றினார்கள், பிறகு பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போனார்கள்.

நமது மலையகத்திலும் அந்த மரபு இருக்கிறது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் பாடப் புத்தகத்தோடு நிற்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குத் தன் மீது நம்பிக்கை வரவைத்தார்கள். அவர்களிடம் படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் தொழிற்சங்கவாதிகளாகவும் வந்தார்கள். இன்றைக்கு உங்கள் லயத்திலேயே உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். மாலையில் இரண்டு மணித்தியாலம், தோட்டத்து வாசிகசாலையிலோ பிள்ளைக் காம்பராவிலோ, கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுக்கலாம். அவர்களுக்குத் தேத்தண்ணியும் பஸ் காசும் கொடுப்பதோடு, மரியாதையும் கொடுங்கள். வெளிநாட்டுத் தொண்டருக்குப் போடுகிற மாலையை ஒரு முறை அந்தப் பிள்ளையின் கழுத்திலும் போடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அரை நாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று தாயோ தகப்பனோ ஒருவர் கட்டாயம் போக வேண்டும். போகிறவர், நமது பாடசாலையில் எந்தெந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர் வெற்றிடம் இருக்கிறது என்று அதிபரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வர வேண்டும். அந்தக் காகிதத்தைக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு தோட்டத்தில் இருந்தும் வருகிற அந்தக் காகிதங்களை ஒன்றாகச் சேர்த்து, வலயத்துக்கும் மாகாணக் கல்வி அமைச்சுக்கும் கொண்டு போவது சங்கத்தின் வேலை.

வருகிறவர்கள் வரட்டும், அன்போடு வரவேற்போம். நின்று கற்பிக்கிற ஆசிரியரைக் கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கிறது.